குடும்பமே மையம்

துரைராஜுக்குப் படிவம் என்றால் பயம் கிடையாது. இருபது வருடமாக ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டராக இருப்பவன் படிவத்துக்குப் பயந்தால் பிழைக்க முடியாது. அங்கே ஒரு பெட்டி உள்ளே வந்தால் அதற்கென்று ஒரு ஜாப் கார்டு வரும். பிரேக் பிடிக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தால் பிரேக்கைப் பார்ப்பார்கள். பார்த்தவன் கையெழுத்துப் போடுவான், பெட்டி வெளியே போகும். பிரேக் பிடிக்காதது பற்றிப் பெட்டியின் அபிப்பிராயம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பட்டறைப் புத்தியோடு அவன் பேகம்பேட்டுக்குப் போனான். தப்பு அவன் பேரில்தான்.

அவன் மகள் ஷெரினுக்கு அப்போது இரண்டு வயது ஐந்து மாதம். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் தண்ணீர்த் தொட்டிவரை ஓடிக்கொண்டிருக்க, இவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை விட்டால் உட்கார்ந்துவிடுவாள். பேச்சில் குறையில்லை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதைக் கேட்டாலும் பதில் தெருவில் பொறுக்கிய உருது "ஹவ்", ஆமாம் என்று. டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்து, பாதத்தை மடக்கிப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்: "தசை கொஞ்சம் தளர்வா இருக்கு. பயிற்சி குடுத்தா நடப்பா. ஆனா இப்பவே ஆரம்பிக்கணும். நாள் தள்ளினா குதிகால் நரம்பு இறுகிடும், அப்புறம் ரொம்பப் பாடு." பேகம்பேட்டில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று வயது வரைக்கும்தான் அங்கே எடுப்பார்கள். ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதம் போதாதா என்று துரைராஜ் நினைத்தான்.

மையம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. வாசலில் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் 'குடும்பமே மையம்' என்று எழுதியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் இவர்களைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"குழந்தையை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"குழந்தைக்குத்தாங்க வந்தோம்" என்றாள் அவன் மனைவி லூர்துமேரி.

"இது குடும்பத்துக்கான இடம்மா. குழந்தை இருந்தா டிஸ்கஷன்ல கவனம் போயிடும். அடுத்த தடவை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க."

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. உள்ளே குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு இரண்டு இணைக் கம்பிகள், மூன்றே மூன்று படி வைத்த ஒரு மரப் படிக்கட்டு, நீல நிற மெத்தைகள், பெரிய சிவப்புப் பந்து. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. ஷெரின் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்று அந்தப் பந்தையே பார்த்தாள். கதவில் பூட்டு தொங்கியது.

இவர்களுக்கு ஒதுக்கப்பட்ட குடும்ப ஒருங்கிணைப்பாளர் பெயர் சாருலதா. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். கெட்டவர் அல்ல. இந்த மையத்தில் கெட்டவர்கள் என்று யாருமே இல்லை. இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் சாருலதா. "இங்க நாங்க எக்ஸ்பர்ட் கிடையாது. நீங்கதான் எக்ஸ்பர்ட்."

துரைராஜ் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"நான் ஃபிட்டருங்க" என்றான்.

"உங்க குழந்தை விஷயத்துல நீங்கதான் எக்ஸ்பர்ட் சார். சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

"அவ நடக்கணுங்க."

"அது குறையை முன்னால வச்சுப் பேசறது. நாம பலத்திலேருந்து ஆரம்பிக்கலாம். ஷெரினோட பலம் என்ன?"

லூர்துமேரி யோசித்துவிட்டு, "முறுக்கு நல்லா கடிப்பா" என்றாள். சாருலதா எழுதிக்கொண்டார்.

"குடும்பத்தோட பலம்?"

"ஸ்டேஷன்லேருந்து மாத்தி மாத்தித் தூக்கிக்கினு வந்தோம்" என்றான் துரைராஜ். அதையும் எழுதிக்கொண்டார். 'உடல் வலிமை, பொறுப்புப் பகிர்வு' என்று அது படிவத்தில் ஏறியது. அறுபத்துநாலு பக்கப் படிவத்தில் அன்று இரண்டு பக்கம் முடிந்தது.

கிளம்பும்போது துரைராஜ் கண்ணாடி அறையைக் காட்டி, அதை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டான். திட்டம் கையெழுத்தான பிறகு என்றார் சாருலதா. திட்டம் இல்லாமல் நேரே குழந்தையைத் தொடுவது பழைய முறையாம். அந்த முறையிலிருந்து விடுபட்டதற்காக மையத்துக்கு விருதெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். விருது வரவேற்பறையில் இருந்தது, அதற்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது.

இரண்டாவது மாதம் குடும்ப வட்டம் வரைந்தார்கள். நடுவில் ஒரு வட்டம், அது குடும்பம். சுற்றிலும் யார் யார் துணை என்று சின்னச் சின்ன வட்டங்கள். கேட்டதற்கெல்லாம் வெள்ளந்தியாகப் பதில் சொன்னதில் துரைராஜ் மாட்டிக்கொண்டான். அரக்கோணத்தில் இருக்கும் அண்ணன், சர்ச் ஃபாதர், எதிர் வீட்டு அன்னக்கிளி, லீவு தரும் சார்ஜ்மேன், ஷெரினைப் பார்த்தால் ஹாரன் அடித்துச் சிரிக்க வைக்கும் பால்காரன் என்று ஒருவரை விடாமல் சொல்லிவைத்தான். வட்டத்தில் பெயர் வந்துவிட்டால் அவர்கள் பங்குதாரர்கள். பங்குதாரர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்தால்தான் திட்டமிடும் கூட்டம் செல்லும். அண்ணனுக்கு லீவு கிடைத்தால் ஃபாதருக்குத் திருவிழா. ஃபாதர் வந்தால் பால்காரனுக்கு எருமை ஈனும். நாலாவது முயற்சியில் எல்லோரும் வந்தார்கள். பால்காரனிடம், ஷெரினின் எதிர்காலம் பற்றி உங்கள் கனவு என்ன என்று கேட்டார்கள். அவன் பதறிப்போய், பாலில் தான் தண்ணீர் கலப்பதே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தான். அவன் இந்து.

மூன்றாவது மாதம் வீட்டுக்கே வந்தார்கள். இயல்பான சூழலில் இயல்பான குடும்பத்தைப் பார்க்க வேண்டுமாம். மூன்று பேர் குவார்ட்டர்ஸ் அடுப்படியில் நின்று குறிப்பெடுக்க, லூர்துமேரி இயல்பாக ஷெரினைக் குளிப்பாட்டினாள். தலை துவட்டி முடித்ததும், ஒருவர் பேனா எழுதவில்லை, இன்னொரு தரம் குளிப்பாட்ட முடியுமா என்று கேட்டார். அந்த வாரம் ஷெரினுக்கு ஜலதோஷம். படிவத்தில் 'தாய்க்குப் பொறுமை உண்டு' என்று எழுதியிருந்தது. இருந்த பொறுமையில் முக்கால்வாசி அன்றோடு தீர்ந்துபோனது என்பதை எழுதக் கட்டம் இல்லை.

வீட்டு மொழி என்ற கட்டத்திலும் ஒரு மாதம் போயிற்று. கட்டம் ஒன்று, ஷெரினின் காதில் விழும் மொழி தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று நாலு. தமிழ் என்று போட்டுத் தொலையுங்கள் என்றான் துரைராஜ். குழந்தை "ஹவ்" என்று பதில் சொன்னதை மூன்று பேர் நேரில் கேட்டிருக்கிறார்கள், ஆகவே மொழிக் குழுவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அவன் வேறு இடத்தில் சேர்க்கலாம் என்று போய் விசாரித்தான். ஒரு குழந்தை இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கக் கூடாது, பேகம்பேட்டில் பெயரை எடுத்துவிட்டு வா என்றார்கள். பேகம்பேட்டில் பெயரை எடுக்க, விலகுவதற்கென்று ஒரு குடும்பத் திட்டம் தேவைப்பட்டது. அதற்கும் அறுபத்துநாலு பக்கம்.

கண்ணாடி அறைக்கு உரியவள் பெயர் ஷாஹீன். பயிற்சி கொடுக்கத் தெரிந்தவள் அந்த மாடியில் அவள் ஒருத்திதான். ஆகவே அவளைக் கூட்டக் குறிப்பு தட்டச்சு செய்ய வைத்திருந்தார்கள். ஐந்தாவது மாதம் ஒருநாள், ஷெரினை விட ஆளில்லாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தபோது, தாழ்வாரத்தில் அவள் குனிந்து ஷெரினின் பாதத்தை ஒரே ஒரு தரம் மடக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"கைக்கு இத்னா லேட், பாய்?" என்றாள், ஏன் இவ்வளவு தாமதம் என்று. பிறகு அவன் முகத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "இது நரம்பு டைட் ஆவுது. முதல்ல வந்தப்பவே குடுத்திருந்தா ஆறு வாரம் போதும்."

"இப்ப குடும்மா. நான் காவலுக்கு நிக்கிறேன்."

"நக்கோ பாய், வேணாம். போன வருஷம் பிளான் இல்லாம ஒரு குழந்தைய நிக்க வச்சேன். மெமோ குடுத்தாங்க."

"குழந்தை நின்னுச்சா?"

"ஹவ். நின்னுச்சு. அதுதான் மெமோல எழுதினாங்க."

துரைராஜுக்கு அன்று வந்த கோபத்தில், அந்தப் பூட்டை இரண்டு விரலால் கழற்றித் தரக்கூடிய தொழில் தெரிந்தும் சும்மா நிற்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. ரயிலில் வீடு திரும்பும்வரை ஷெரினின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தான். சரியாகத் தேய்க்கிறோமா என்றுகூட அவனுக்குத் தெரியாது. எக்ஸ்பர்ட் அவன்தான்.

ஆறாவது மாதம் குறிக்கோள் எழுதும் கூட்டம். இயக்குநர் டாக்டர் சாய்கிருஷ்ணா நேரில் வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச சாருலதா தமிழில் சொன்னார்.

"நண்பர்களே, ஒரு காலத்தில் குழந்தைக்குக் கால் சரியில்லை என்றால் நேராகப் போய்க் காலைப் பார்த்தார்கள். எவ்வளவு குறுகிய பார்வை. நாங்கள் காலைப் பார்ப்பதை நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குத் திட்டம் தீட்டியிருக்கிறோம். ஒரு திட்டத்தைக்கூட அவசரப்பட்டுச் செயல்படுத்திக் கெடுத்ததில்லை. எங்களிடம் வந்த எந்தப் பெற்றோரும் தனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று குறைப்பட்டதில்லை, ஏனென்றால் சொல்லித்தருவது எங்கள் வேலை இல்லை என்பதை முதல் நாளே புரியவைத்துவிடுகிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பால்காரனும் தட்டினான், அவன் பங்குதாரர் அல்லவா.

குறிக்கோள் எண் ஒன்று என்ன என்று கேட்டபோது துரைராஜ் எழுந்து நின்று, "ஷெரின் நடக்கணும்" என்றான்.

இயக்குநர் பரிவோடு தலையை ஆட்டினார். நடப்பது குழந்தை செய்ய வேண்டிய வேலை. குடும்பத் திட்டத்தில் குழந்தைக்கு வேலை வைக்கக் கூடாது, அது குழந்தை மேல் சுமை. தவிரவும் குறிக்கோள் என்பது நிறைவேறக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் செதுக்கினார்கள். கடைசியில் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. 'ஷெரினின் நடமாட்டம் குறித்துக் குடும்பம் தன்னம்பிக்கையோடு உரையாடும்' என்பது குறிக்கோள் எண் ஒன்று. 'குடும்பம் தன் கனவுகளைப் படிவத்தில் வெளிப்படுத்தும்' என்பது இரண்டு. 'குடும்பம் கூட்டங்களுக்கு நேரத்தில் வந்து சேரும்' என்பது மூன்று. திட்டத்தை அச்சிட்டு, பைண்டு செய்து, எல்லோர் கையெழுத்தும் வாங்க நாள் குறித்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஷெரினுக்கு மூன்று வயது முடிந்தது. கேக் வெட்டினார்கள். அன்னக்கிளி வந்து பாட்டுப் பாடினாள். லூர்துமேரி அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துரைராஜ் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான், அவனுக்கும் அழுகைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மையத்தில் மாலை மரியாதை எல்லாம் தயாராக இருந்தது. சாருலதா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஷெரினுக்கு வயது தாண்டிவிட்டது. ஆகவே திட்டத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் இன்றே நடக்கும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, ஏனென்றால் மூன்று குறிக்கோள்களும் ஏற்கெனவே நிறைவேறிவிட்டன. குடும்பம் உரையாடியது, கனவுகளை வெளிப்படுத்தியது, நேரத்தில் வந்தது. நூற்றுக்கு நூறு.

"அப்போ அந்த ரூம்?" என்றான் துரைராஜ்.

"அது மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்கு, சார்."

அந்த அறைக்குள் ஒரு குழந்தைகூடப் போய் அவன் பார்த்ததில்லை. பேனாவை எடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். வேலை ஆகாமல் அவன் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

காகிதம் லூர்துமேரியிடம் போயிற்று. அவள் பேனாவைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். 'குடும்ப உரிமைக் கையேடு, தமிழ்ப் பதிப்பு'. எல்லாக் குடும்பத்துக்கும் முதல் நாளே கொடுப்பது. ஏழு மாதம் தாழ்வாரத்தில் காத்திருந்த நேரத்தில் வேறு படிக்க ஒன்றும் இல்லாததால் அதை அவள் முழுக்கப் படித்திருந்தாள். அந்த மாடியில் அதைப் படித்த முதல் ஆள் அவள்தான், எழுதிய இயக்குநர்கூடப் படித்ததில்லை.

"எனக்குச் சம்மதமில்ல" என்றாள்.

"இன்னா மேரி, கையெழுத்துப் போடலாம்னு வீட்ல பேசினோமே..." என்று துரைராஜ் ஆரம்பித்தான்.

"இவருக்குச் சம்மதம். எனக்கு இல்ல. கருத்து வேறுபாடு." புத்தகத்தைப் பிரித்து விரல் வைத்தாள். "முப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க மேடம். புருஷன் பொண்டாட்டிக்குள்ள கருத்து வேறுபாடு இருந்தா ஃபைல மூடக் கூடாது. அது தீர்ற வரைக்கும் குழந்தை திட்டத்துல இருக்கிறதாத்தான் கணக்கு, வயசு பார்க்கக் கூடாது. குடும்பம் கேக்கிற எடத்துல, கேக்கிற ஆள வச்சிக்கினு உக்காந்து பேசணும். வாரத்துக்கு ரெண்டு நாள்."

சாருலதா வாங்கிப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். இயக்குநரிடம் கொண்டுபோனார். இயக்குநர் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களில் ஒன்றுகூடச் சண்டை போட்டதில்லையே என்று மனசுக்குள் அவருக்குக் குறை இருந்தது போலிருக்கிறது. மார்ச் மாதம் டெல்லியில் வாசிக்க ஒரு கட்டுரை தேவைப்பட்டது.

"எந்த இடம் உங்களுக்கு வசதியா இருக்கும்?" என்று சாருலதா கேட்டார்.

லூர்துமேரி தாழ்வாரத்தின் கடைசியைக் கை காட்டினாள். "அந்த ரூமு. ஆளு, ஷாஹீன். பாப்பாவும் இருக்கும், வீட்ல வுட ஆளில்ல."

அடுத்த வியாழக்கிழமை சாவி வந்தது. பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றியபோது கிளம்பிய தூசியில் ஷெரின் ஏழெட்டுத் தும்மல் போட்டாள். ஒரு மூலையில் குழந்தைகள் நாற்காலியில் துரைராஜும் லூர்துமேரியும் எதிரெதிராக உட்கார்ந்து கருத்து வேறுபட, சாருலதா அருகில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பேச்சு நின்றால் கூட்டம் முடிந்துவிடும். ஆகவே அவர்கள் நிறுத்தவில்லை. கல்யாணத்தில் அவன் அண்ணன் பந்தியிலிருந்து எழுந்து போனதில் ஆரம்பித்தார்கள். பட்டறைச் சட்டையை மற்றத் துணியோடு ஊறவைப்பது, மீன் குழம்பில் மாங்காய் போடலாமா கூடாதா, ஷெரினுக்குப் பெயர் வைத்த உரிமை யாருடையது என்று வாரங்கள் போயின. எதிர் மூலையில் ஷாஹீன் மெத்தையில் முட்டி போட்டு, ஷெரினின் குதிகாலைப் பிடித்து நீவி, இழுத்து, கம்பிகளுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பந்துக்குக் காற்றடித்திருந்தார்கள்.

ஆறாவது வாரம் சரக்குத் தீர்ந்துபோனது. இருவரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாருலதா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"சார், உங்க மாமியாரைப் பத்தி இன்னும் ஒண்ணுமே வரல."

மாமியார் இன்னொரு மாதத்துக்குத் தாங்கினார்.

பிப்ரவரிக் கடைசியில் துரைராஜ் ஷாஹீனிடம் கேட்டான். ஷெரின் நடக்க இன்னும் எத்தனை நாள்? ஷாஹீன் பொய் சொல்லத் தெரியாதவள். மே மாதமே இந்தக் கதவைத் திறந்திருந்தால் இந்நேரம் ஓடியிருப்பாள் என்றாள். இப்போது குதிகாலில் இறுக்கம் வந்துவிட்டது, இன்னும் ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம். துரைராஜ் அந்த ஏழு மாதத்தையும் எண்ணிப் பார்த்தான். பால்காரனின் கனவைக் கேட்ட நாளில் அவள் குதிகால் இறுகிக்கொண்டிருந்தது. கட்டத்தில் எந்த மொழி எழுதுவது என்று யோசித்த நாளிலும் இறுகிக்கொண்டிருந்தது. எதையாவது தூக்கி அந்தக் கண்ணாடியில் எறிய வேண்டும் போலிருந்தது. எறிந்தால் அறையை மராமத்துக்கு மூடிவிடுவார்கள் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்று இயக்குநர் வந்தார், கூடவே டெல்லியிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள். தன் முறையால் இந்தக் குடும்பம் எவ்வளவு தூரம் முதிர்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தார். கம்பிகளின் பக்கம் அவர் திரும்பவில்லை. அங்கே ஷெரின் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வலது கையை எடுத்துவிட்டிருந்தாள். இடது கையின் ஒரு விரல்தான் கம்பியில் இருந்தது. ஷாஹீன் இரண்டு கையையும் அவளைத் தொடாமல் விரித்து வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். இடது கால் தரையைவிட்டு எழும்பி, ஆடி, முன்னால் வந்து ஊன்றியது.

"என்ன, ஒரு முடிவுக்கு வந்துட்டீங்களா?" என்று தான் கற்றுவைத்திருந்த தமிழில் இயக்குநர் கேட்டார். "சமாதானம்தானே?"

புருஷனும் பெண்டாட்டியும் மகளின் அடுத்த காலைப் பார்த்தபடியே, ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

"இல்ல சார்."

சாருலதா நேரத்தைப் பார்த்து, கருத்து வேறுபாடு தொடர்கிறது என்று குறித்துக்கொண்டார்.